இரண்டு சார்ட்டில் ஜார்ஜ் ஸ்டான்லி

மேட்டூர் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். அந்த ஸ்டான்லி யாருங்க என்று கேட்டால், ‘அணை கட்டின இன்ஜினியர்’ என்று பலர் சொல்லிவிடுவார்கள். அவர் இன்ஜினியர் இல்லை. லண்டன் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த கன்சர்வேடிவ் கட்சி அரசியல்வாதி, பிறகு சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். பள்ளிக் கண்காட்சிக்கு அவர் வாழ்க்கையைக் காலக்கோடாக வரைய நினைப்பவர்களுக்கு இது.

28 அங்குல நீளம், 22 அங்குல அகலமுள்ள சார்ட் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் அடக்கப் பார்த்தால் ஏன் ஆகாது என்பது பாதி வரைந்ததும் தெரியும். ஸ்டான்லி பிறந்தது 1872, இறந்தது 1938. வருஷத்துக்கு ஒரு செ.மீ. என்றால் 66 செ.மீ. கோடு, 71 செ.மீ. நீளமுள்ள சார்ட்டில் இரு பக்கமும் இரண்டரை செ.மீ. ஓரம் விட்டுக் கச்சிதமாக உட்காரும். ஆனால் நமக்கு வேண்டிய சென்னை ஆளுநர் காலம் வெறும் 5 செ.மீ.யில் நசுங்கிப்போகும். அதற்குத்தான் இரண்டாவது சார்ட். 30 செ.மீ. ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டராவது பிசகும். தையல் டேப்பை இடது முனையில் வைத்து ஒரே இழுப்பில் புள்ளி வையுங்கள். திருப்பூர் பக்கம் அதற்கா பஞ்சம்!

முதல் சார்ட்டில் 38-ஆவது செ.மீ. 1910. பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர் அந்த வருஷம் பிரஸ்டன் தொகுதியில் ஜெயிக்கிறார். 50-ல், அதாவது 1922-ல், அங்கேயே தோற்கிறார். இந்த இடத்தை அவசரமாகக் கடக்க வேண்டாம். தோற்ற பிறகும் அவரை உள்துறை இணை அமைச்சர் பதவியிலேயே வைத்திருந்தார்கள். உறுப்பினர் ஆக வேண்டுமே என்று வில்ஸ்டன் கிழக்கு தொகுதியைக் காலி செய்து 1923 மார்ச்சில் இடைத்தேர்தல் வைத்தார்கள். அதிலும் தோற்றார், பதவி போயிற்று. 1924 பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் ஜெயித்து, 1929 வரை ஓய்வூதியத் துறையில் இருந்தார். அணைக்குப் பெயர் கொடுத்தவர் அடுத்தடுத்துத் தோற்றவர் என்பதைச் சிவப்பு ஸ்கெட்சிலேயே எழுதலாம்.

பதவிப் பெயர்களில்தான் தமிழில் அதிகம் சறுக்குகிறோம். உள்துறையில் அவர் வகித்த ‘அண்டர் செக்ரட்டரி’ என்பதை ‘சார்புச் செயலர்’ என்று போட்டால் நம் கோட்டை அதிகாரி மாதிரி ஆகிவிடும். அங்கே அது அமைச்சருக்கு அடுத்த படியில் உள்ள அரசியல் பதவி. 1919 முதல் 1921 வரை அவர் வகித்த ‘கம்ப்ட்ரோலர் ஆஃப் த ஹவுஸ்ஹோல்ட்’ அரண்மனைக் கணக்குப்பிள்ளை வேலை அல்ல. ஆளுங்கட்சிக் கொறடாவுக்குத் தரும் பழம்பெயர். ‘லார்டு ஸ்டான்லி’ என்றும் எழுதாதீர்கள். அவர் டெர்பி பிரபுவின் இளைய மகன், வெறும் சர் ஜார்ஜ் ஸ்டான்லிதான். லார்டு ஸ்டான்லி என்று தேடினால் அப்பாவும் அண்ணனும் வந்து நிற்பார்கள். அப்பா கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து ஐஸ் ஹாக்கிக்கு ஸ்டான்லி கோப்பை கொடுத்தவர். தாத்தா மூன்று முறை பிரதமர்.

இரண்டாவது சார்ட்டில் மாதத்துக்கு ஒரு செ.மீ. அவர் ஆளுநராக வந்த 1929 நவம்பர் பூஜ்யம், பதவி முடிந்த 1934 நவம்பர் 60. ஐந்தரை செ.மீ. பக்கத்தில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன் முதல் மந்திரியாக இருந்தது ஏறக்குறைய 12-ஆவது செ.மீ. வரை. 26-ஆவது செ.மீ.யில் 1932 ஜனவரி: திருப்பூரில் கொடி பிடித்துப் போன சென்னிமலைக் குமரன் போலீஸ் தடியடி பட்டு 11-ஆம் தேதி இறந்தார். அணையை மட்டும் போட்டு இதை விட்டுவிட்ட அட்டைகள் பாதி அட்டைகள். மந்திரிகளும் ஆளுநரும் துறைகளைப் பிரித்துக்கொண்ட அந்தக் கால இரட்டை ஆட்சியில் போலீஸ் ‘ஒதுக்கப்பட்ட’ துறை. மந்திரிகள் கையில் இல்லை, ஆளுநர் தரப்பில் இருந்தது. குமரனின் பெயருக்குப் பக்கத்தில் இந்த ஒரு வரி அவசியம்.

அணை வேலை தொடங்கியது 1925-ல். அப்போது ஆளுநர் கோஷன். ஸ்டான்லி லண்டனில் ஓய்வூதியக் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே ‘கட்டினார்’ என்று எழுதாமல் ‘திறந்துவைத்தார்’ என்று எழுதுங்கள். அளவிலும் ஒரு குழப்பம் உண்டு: 120 அடி என்பது நீர்மட்டம், அணையின் உயரம் 214 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

54-ஆவது செ.மீ.யில் வரைந்த கோட்டை அழித்து 57 வரை புள்ளிக்கோடாகப் போடுங்கள். 1934 மே 16 முதல் ஆகஸ்ட் 16 வரை வைஸ்ராய் வில்லிங்டன் விடுப்பில் போக, ஸ்டான்லி தற்காலிக வைஸ்ராய். சென்னையில் முகமது உஸ்மான் ஆளுநர் பொறுப்பைப் பார்த்தார். அணை திறந்தது ஆகஸ்ட் 21. திரும்பி வந்ததற்கும் திறப்பு விழாவுக்கும் நடுவே உங்கள் கோட்டில் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டையும் கோட்டின் ஒரே பக்கம் எழுதினால் எழுத்து முட்டிக்கொள்ளும். ஒன்றை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் அம்புக்குறி போட்டு இழுத்துவிடுங்கள்.