அமைதிக் குழுவில் பெண்களுக்கு உண்மையான இடம் அளிப்பது எப்படி

2000 அக்டோபர் 31 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம், பூசல்களைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும் பெண்களுக்குச் சமமான பங்கு வேண்டும் என வலியுறுத்தியது. அதை ஊர் அளவில் செயல்படுத்த, பூசல்களைத் தடுத்துத் தீர்க்கும் அமைதிக் குழு ஒன்றை அமைக்க விரும்புவோர், அதன் கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் முதலில் பெண்களிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், பாதுகாப்பாக வீடு திரும்ப வழியும் இல்லாத கூட்டத்திற்கு விடுக்கும் அழைப்பு வெறும் பெயரளவிலானதே. குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவர் பேசத் தயங்குவார். ஆகவே பல வயதினரையும் பல பிரிவினரையும் சேர்த்து, வாக்குரிமையோடு நிதிப் பொறுப்பையும் அளியுங்கள்.

குழுவின் பணிகளில், பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதே மிகுந்த கவனத்தைக் கோருவது. பொதுக்கூட்டத்தில் எவரையும் தமக்கு நேர்ந்ததைச் சொல்லுமாறு கேட்கக் கூடாது. ஒருவர் தாமாகத் தனிமையில் சொன்னால், துருவிக் கேட்காமல் செவிமடுத்து, மருத்துவமும் சட்ட உதவியும் தங்குமிடமும் எங்கே கிடைக்கும் என்பதை விளக்கி, அடுத்து என்ன செய்வது என்பதை அவரே தீர்மானிக்க விடுங்கள். வன்புணர்வுக்கு உள்ளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதால், இவ்விவரங்களை முன்கூட்டியே திரட்டி வைத்திருப்பது இன்றியமையாதது. குடும்ப மானத்தின் பெயரால் சமரசம் பேசி, பாதிக்கப்பட்டவரை வன்முறை நடந்த அதே வீட்டிற்கு அனுப்பி வைப்பதை அமைதிப் பணி என்று நான் ஏற்கமாட்டேன்.

ஆண்களிடமும், குறிப்பாக இளைஞர்களிடமும், பெண்களின் பங்கு, வன்முறைத் தடுப்பு ஆகியவை பற்றிய உரையாடலைத் தனியாகத் தொடங்குங்கள். பெண் உறுப்பினர்களுக்கு மிரட்டல் வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதி முடிவு செய்யுங்கள்.