காலநிலை கிராஃபை மொத்தமாகத் திறக்காதீர்கள்

காலநிலை மாற்ற நாலெட்ஜ் கிராஃபை (தலைப்புகளைப் புள்ளிகளாகவும், அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் வலைப்படம்) திரையில் மொத்தமாகக் கொட்டாமல், 'மீத்தேன்' மாதிரி ஒரே புள்ளியில் தொடங்கி, அதோடு நேரடியாக இணைந்தவற்றை மட்டும் விரியுங்கள். நெல்வயல், கால்நடை, குப்பைமேடு, எரிவாயுக் கசிவு என்று படிக்கிற அளவில் வரும். புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளி இடம்பிடிக்கும் அமைப்பில், எளிய முறையில் ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கு ஓடும்: 100 புள்ளிக்கு 4,950 ஜோடி, 1,000 புள்ளிக்கு 4,99,500. பிரவுசர் திணறாமல் என்ன செய்யும்? அப்புறம், 'கார்பன் டை ஆக்சைடு' புள்ளியில் மட்டும் தொடங்க வேண்டாம். பாதி கிராஃப் அதோடுதான் ஒட்டியிருக்கும், விரித்தால் மறுபடியும் நூல்சிக்கல்தான்.

எந்தெந்தத் தலைப்புகள் கூட்டமாகச் சேர்கின்றன என்று பார்க்க இந்த வழி உதவாது. அதற்கு முழுப் படமும் வேண்டும்; புள்ளிகளின் இடங்களை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்துவிட்டுத் திறங்கள்.