இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளவில்லையா?

திருப்பூரில் தங்கச்சி வீட்டில் கீழே பில் போடும் கம்ப்யூட்டர், மாடியில் பனியன் டிசைன் போடும் கம்ப்யூட்டர். "ஏனுங்ணா, நேத்து வரைக்கும் வந்த ஃபோல்டரு இன்னைக்கு வர மாட்டேங்குதுங்" என்று போன்.

முதலில் கேபிள். வயர் செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வேறு வயரை மாட்டிப் பாருங்கள். அதை விட்டுவிட்டு செட்டிங்கை நோண்டுவது வீண்.

எரிகிறதா? சரி, கமாண்ட் பிராம்ப்டில் (விண்டோஸில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) ஐபிகான்ஃபிக் (ipconfig) கொடுங்கள். அதில் வரும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் எண், 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ரவுட்டரே இல்லாமல் நேராக இணைத்திருந்தால், ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்துவிடலாம்.

அப்புறம் அதே ஜன்னலில் பிங் (ping) என்று போட்டு, மற்ற கம்ப்யூட்டரின் ஐபி எண்ணைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்காரனான ஃபயர்வால் தடுத்திருக்கலாம். அதற்காக அதை மொத்தமாக அணைக்காதீர்கள், எனக்கு அந்தப் பழக்கமே பிடிக்காது. நெட்வொர்க் 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை இயக்கினால் போதும். கம்ப்யூட்டரின் பெயரைப் போட்டுத் திறக்கவில்லையென்றால் ஐபி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

தங்கச்சி வீட்டில் இதெல்லாம் சரியாகவே இருந்தது. தினமும் அடிக்கச் சோம்பல்பட்டு மாப்பிள்ளை பாஸ்வேர்டை எடுத்துவிட்டிருந்தார். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் வழக்கமாக நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. திரும்ப வைத்ததும் ஃபோல்டர் வந்துவிட்டது.