மும்பை மழையில் 'சங்கிலி யானை'

1973இல் வெளியான சிற்றோவியத் தபால்தலை வரிசையில் மொத்தம் நான்கு தலைகள். 1 ரூபாய்த் தலையில் ஒட்டகத்தின் மேல் காதலர், 2 ரூபாயில் முகலாய ஓவியர் ஜைனுல் ஆபிதீனின் சங்கிலி பூட்டிய யானை. யானை கைக்கு வந்ததும் முதலில் பின்பக்கம் பாருங்கள். பசை இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

கவரில் ஒட்டி வந்த தலையா? கவர் கிழியாமல், ஊர்முத்திரை தெளிவாக இருந்தால் பிரிக்கவே வேண்டாம். கிழிந்த கவர் என்றால் தலையைச் சுற்றி 1 செ.மீ. விட்டு வெட்டி, பச்சைத் தண்ணீரில் படம் மேலே இருக்கும்படி மிதக்கவிடுங்கள். 15-20 நிமிடத்தில் தானாக நழுவும். நழுவாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் விடலாம். நகத்தால் உரித்தால் ஓரத்துப் பல் போய்விடும். வெந்நீர் மையைக் கரைக்கும். சாயம் போகும் காக்கி, சிவப்புக் கவர்த் துண்டுகளுக்குத் தனிக் கிண்ணம். தலையின் பின்புறம் வழுவழுப்பாக இருந்தால் பசை மிச்சமிருக்கிறது. தண்ணீர் மாற்றி மறுபடி ஊறவையுங்கள். அப்படியே உலர்த்தினால் ஒற்றுத்தாளோடு ஒட்டிக்கொள்ளும். படம் கீழே இருக்க ஒற்றுத்தாளில் போட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்தால் சுருளாது.

பசையுள்ள புதுத் தலை தண்ணீரையே பார்க்கக் கூடாது. விரல் வியர்வைகூடப் பசையில் தடம் விடும். முனை தட்டையான இடுக்கியால் மட்டும் எடுங்கள். ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் பொருத்தும் சிறு பசைத்தாள்) ஒட்டினால் தழும்பு நிற்கும், விலையும் இறங்கும்.

சிக்கல் ஜூனில், மழையோடு தொடங்குகிறது. மும்பையின் சயான், மாட்டுங்கா பகுதிப் பழைய கட்டடங்களில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவுக்குள் ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே கனம் ஏற்றினால், செப்டம்பரில் பசை பக்கத்தோடு ஒன்றாகியிருக்கும். உள்சுவர்ப் பக்கம், நெருக்காமல், நிமிர்த்தி வையுங்கள். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளும் போடலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டிய நேரம். பிவிசி உறைகள் மலிவுதான், ஆனால் நாளடைவில் அதன் எண்ணெய்ப்பசை தலையில் இறங்கும். பழுப்புப் புள்ளி விழுந்த தலையை உடனே தனியே எடுத்துவிடுங்கள். அது பூஞ்சையாக இருந்தால் மற்றவற்றுக்கும் பரவும்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதா? மூடிய டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதன் மேல் வலைத்தட்டு, அதில் தலை. சில மணி நேரத்தில் இளகும். அடிக்கடி திறந்து பாருங்கள். தலை பிரிந்துவிடும், பசை பழையபடி இருக்காது.