ஆய்வு மிருகங்களோட வருஷ ரிப்போர்ட்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

பேராதனைப் பக்கம் அனிமல் ஹவுஸ்ல (ஆய்வு மிருகங்களை வச்சுப் பாக்குற எடம்) வேலை பழகுற பிள்ளைங்க, எத்தனை மிருகத்தைப் பாவிச்சோம், அதுங்க எவ்வளவு வலி பட்டுச்சுன்னு வருஷக் கடைசியில ரிப்போர்ட் எழுதுறதைப் பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன், நாங்க எல்லாரும் புதுசுல விட்ட அதே பிழைங்கதான் திரும்ப வருது. கூட்டல் பிழை, சைன் பண்ண மறந்தது எல்லாம் யாராவது கண்டுபிடிச்சிருவாங்க, அது கெடக்கட்டும்.

அனுமதிப் பேப்பரைப் பாத்து ரிப்போர்ட் எழுதுறது

இது இன்னமும் எனக்கு கோபம் வர்ற விஷயம். ஆய்வுக்கு அனுமதி குடுக்குற எதிக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கிறப்ப வலி லேசாத்தான் இருக்கும்னு எழுதுறோம், அது நம்ம எதிர்பார்ப்பு. வருஷக் கடைசியில கேக்குறது நடந்ததை. ஹட்டன் பக்கத்து தங்கச்சி ஒருத்தி, நல்ல கெட்டிக்காரி, 40 எலிக்கு அனுமதி வாங்கி சேர்ஜரி செஞ்சா, அதுல 6 எலி காயம் பழுத்து தீனியை விட்டு சுருண்டு கெடந்து கடைசியில கருணைக்கொலை பண்ண வேண்டியதாப் போச்சு. ரிப்போர்ட்டுல என்ன இருந்துச்சு? "40, லேசு". கூண்டு கார்டுல எல்லாம் பதிஞ்சிருக்கு, ஆனா எழுதுறப்ப அதை எடுத்தே பாக்கல. மிருக டாக்டர் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாரு, அடுத்த வருஷ அனுமதி மாசக்கணக்கா நின்னுருச்சு. அதையாவது சமாளிக்கலாம். அந்த ரிப்போர்ட்டை நம்பி அடுத்து வர்ற ஆள் அதே வலிமருந்து போதும்னு முடிவெடுத்தா இன்னும் எத்தனை எலி அப்படிக் கெடக்கும்?

பிரிட்டன்ல லேசு, நடுத்தரம், கடுமைன்னு பிரிச்சுக் கேக்குறாங்க, அந்த மிருகம் பட்டதுல ஆகக்கூடினது எதுவோ அதைத்தான் போடணும். அமெரிக்க ஃபோர்ம்ல வலிக்கு மருந்து குடுத்திருந்தா 'D' பிரிவு, குடுக்க முடியாமப் போனா 'E' பிரிவு, 'E' போட்டா காரணமும் எழுதணும்.

வருஷம் எங்க தொடங்குது

வெளிநாட்டு லெப்புக்குப் போற பிள்ளைங்க கவனிங்க. அமெரிக்கக் கணக்கு ஒக்டோபர் 1 தொடங்கி செப்டம்பர் 30 வரைக்கும், டிசம்பர் 1க்குள்ள குடுக்கணும். பிரிட்டன்ல ஜனவரி தொடங்கி டிசம்பர், அடுத்த ஜனவரி 31க்குள்ள.

எலி கணக்குல வருமா

அமெரிக்க ஃபோர்ம்ல ஆய்வுக்குன்னே வளர்த்த எலி, சுண்டெலி வராது. பிரிட்டன்ல மீன் கூட வரும். ஒரு நாட்டு வழக்கத்தை இன்னொரு ஃபோர்ம்ல நொழைக்காதீங்க.

இடையில செத்தது

அதுவும் கணக்குத்தான்.

ஞாபகத்துல எழுதுறது

வேணாம். வாரக் கடைசியில லெப்பைப் பூட்ட முன்ன கார்டுல உள்ளதை ரெஜிஸ்டர்ல ஏத்திருங்க, செத்தது, மருந்து குடுத்தது, தீனி திங்காம விட்டது எல்லாம், திகதியோட.