கணிதக் கல்வியில் முதுகலை: பணியிலுள்ள ஆசிரியர்கள் எங்கே தவறுகிறார்கள்?

காவிரிப் படுகை மாவட்டங்களில் கணிதம் நடத்திக்கொண்டே மேல்படிப்பில் சேருகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மாலை நேரத்தையும் சேமிப்பையும் குடும்பத்தோடு கழிக்க வேண்டிய விடுமுறைகளையும் கொடுத்துப் படிக்கிறார்கள். அவ்வளவு கொடுத்தும், தம் வகுப்புக் குழந்தைகள் ஏன் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள் என்ற கேள்வியைப் படிப்புக்குள் கொண்டுவராமலே பட்டம் வாங்கிவிடுகிறவர்கள் பலர். மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் சேர்க்கைக் கட்டத்திலேயே நடக்கும் தவறுகளைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

எம்.எஸ்சி. கணிதம், எம்.எட்., எம்.ஏ. கல்வியியல் மூன்றையும் ஒன்றுபோல எண்ணிக் குழப்பிக்கொள்வது முதல் தவறு. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் முதுகலைக் கணித ஆசிரியராகப் பதவி உயர வேண்டுமானால் அவருக்குத் தேவை கணிதத்தில் முதுகலைப் பட்டம். ஆசிரியர் கல்விக்கான முதுகலைப் பட்டமான எம்.எட். அந்த இடத்தை நிரப்பாது. பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தலை நடத்த விரும்புகிறவருக்கோ இரண்டும் வேண்டும்: தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பாட முதுகலையையும் எம்.எட்.டையும் 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு கேட்கின்றன. எம்.ஏ. கல்வியியல், கல்வியைப் படிப்புத் துறையாக அணுகும் பட்டம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை அஞ்சல்வழி தருகிறது. வேலையை விடாமல் படிக்க ஏற்றது. ஆனால் அதை எம்.எட்.டுக்கு மாற்றாக எண்ணிச் சேரக் கூடாது. கணிதக் கல்வி என்ற பெயரிலேயே தனி முதுகலை நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் கல்வியியல் படிப்புக்குள் ஒரு விருப்பப் பாடமாகவும் ஆய்வேடாகவும்தான் அது வருகிறது. அதற்கும் மேலே முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர்கள் மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். 1974-இல் தொடங்கிய அந்த மையத்தில் கணிதக் கல்வி தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

முன் அனுமதி பெறாமல் சேர்ந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது அடுத்த தவறு. துறையின் அனுமதியை எழுத்தில் பெற்று, அதன் நகலைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அதன் பிறகு கட்டணம் கட்டுங்கள். வழக்கமான எம்.எட். வகுப்புக்குப் போய்ப் படிக்கும் ஈராண்டுப் படிப்பு. வராமலே வருகைப்பதிவைச் சரிசெய்து தருகிறோம் என்று ஒரு கல்லூரி சொன்னால் அந்த வாசலோடு திரும்பிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு வருகைப்பதிவேடுகளில் உங்கள் பெயர் இருப்பது பின்னாளில் பட்டத்தையும் பணியையும் சேர்த்தே கேள்விக்குள்ளாக்கும். தொலைநிலைப் படிப்பானால் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டில் அங்கீகாரம் அளித்திருக்கிறதா என்று அந்தப் பணியகத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பது மட்டும் போதாது.

ஊக்க ஊதிய உயர்வை நம்பிக் கடன் வாங்குவதும் வேண்டாம். உயர்கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வுகளைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்தது. மூத்த ஆசிரியர்கள் அக்கறையோடு சொல்லும் கணக்கு அவர்கள் காலத்துக்கு உரியது. இப்போது நடப்பிலுள்ள அரசாணையைப் படித்துவிட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

இனி ஆய்வேடு. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித மனப்பான்மைக்கும் அடைவுத்திறனுக்கும் உள்ள தொடர்பு, மாதிரிக்கு 300 மாணவர்கள், ஆண் பெண், நகரம் கிராமம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று மாறிகள், யாரோ எங்கோ தயாரித்த வினாநிரல், கடைசியில் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை. இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் வரிசையாக நிற்கின்றன. மாவட்டத்தின் பெயரை மாற்றினால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துவிடலாம். கணிதத்தை விரும்பும் குழந்தை கணிதத்தில் கூடுதல் மதிப்பெண் எடுக்கும் என்ற முடிவைச் சொல்ல ஈராண்டுப் படிப்பு எதற்கு? நாள்தோறும் கரும்பலகை முன் நிற்கும் ஒருவருக்குத் தெரிந்த ஒன்றுகூட அந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லையே!

ஏழாம் வகுப்பில் 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். 0.35 என்று சொல்லும் கைகள் உயரும். ஏன் என்று கேட்டால், 35 பெரியதுதானே என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே அந்தக் குழந்தைகள் படிக்கிறார்கள். இதே குழந்தைகளிடம் 0.75, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் சரியான விடை வரும். காரணம் மட்டும் அதே தவறான காரணமாக இருக்கும். அடைவுத் தேர்வில் இரண்டாவது கேள்வியை மட்டும் வைத்தவர் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, தசமம் புரிந்துவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவார். கேள்வியை எப்படி அமைத்தால் எண்ணம் வெளியே வரும் என்பதைத்தான் கணிதக் கல்வி ஆய்வு கற்றுத்தர வேண்டும். இதற்குப் பன்னிரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்து பேசிய பதிவு, 300 வினாநிரல்களைவிடப் பயனுள்ளது.

நம் ஊர்க் கணக்குகளையும் ஆய்வுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். நிலத்தை அளக்கும் பழைய அளவைகளில் ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி. ஒரு மா ஐந்து குழியும் ஒரு மா ஐம்பது குழியும் ஒன்றல்ல என்று விவசாய வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பிள்ளை பள்ளியில் 1.05, 1.5 இரண்டையும் சரியாக வரிசைப்படுத்துகிறதா? வீட்டில் இந்த அளவைகள் இன்றும் புழங்கும் குழந்தைகளுக்கும், சென்ட், ஏக்கர் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கும் வேறுபாடு தெரிகிறதா? மன்னார்குடிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுதக்கூடிய அருமையான ஆய்வேடு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்த வகை ஆய்வுக்கு மதிப்பு கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காய் போன்ற பொருள்களை விற்ற பிள்ளைகளை வைத்து கராஹர், ஷ்லீமன் குழுவினர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐந்து பிள்ளைகள்தான். வியாபாரத்தின்போது 98 விழுக்காடு சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். உலகெங்கும் கணிதக் கல்வி வகுப்புகளில் இன்றும் அது பேசப்படுகிறது.

இதை ஒட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கும்பகோணத்தைச் சுற்றி எழுதப்படும் ஆய்வேட்டின் முன்னுரை ராமானுஜனைப் போற்றாமல் தொடங்குவது அரிது. அவர் மீது எனக்கும் அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்றுக் கல்வி உதவித்தொகையை இழந்த மாணவரும் அவரே. நம் மதிப்பீட்டு முறை எதைப் பார்க்கத் தவறுகிறது என்று ஆராயும் இடத்தில் அவரைக் கொண்டுவந்தால் பொருள் உண்டு. பிற இடங்களில் அந்த இரண்டு பக்கங்களை உங்கள் மாணவர்களின் விடைகளுக்குக் கொடுங்கள்.

சொந்தப் பள்ளியில் சோதனை ஆய்வு செய்கிறவர்கள் 'அ' பிரிவுக்குப் புதிய முறை, 'ஆ' பிரிவுக்குப் பழைய முறை என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று ஆங்கில வழி, மற்றது தமிழ் வழி என்றால் தொடக்கத்திலேயே இரண்டும் சமமில்லை. இரண்டையும் நடத்துகிறவரும் நீங்களே. புதிய முறை வெல்ல வேண்டும் என்ற ஆசை உங்கள் குரலிலேயே தெரியும். இப்படி வந்த முடிவை முறையின் வெற்றி என்று அறிவிக்காதீர்கள். என்ன செய்தேன், எது எடுபட்டது, எங்கே இடறியது என்று விரிவாக எழுதும் செயலாய்வு நேர்மையானது. குழந்தைகளின் பெயரை மாற்றி எழுதுங்கள். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் சம்மதம் பெறுங்கள்.

நாள்காட்டி விஷயத்தில் நகரத்து வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தரவு சேகரிப்பை நவம்பருக்குத் தள்ளிவைத்தால் வடகிழக்குப் பருவமழை குறுக்கே வரும். விடுமுறை விடுவார்கள், தாழ்வான ஊர்ப் பள்ளி நிவாரண முகாமாகும், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பொங்கலுக்குப் பிறகு பத்தாம் வகுப்பைத் தொடவே முடியாது. ஜூலை, ஆகஸ்டில் முடித்துவிடுங்கள்.

வாசிப்பில் பலரும் கைடு நூல்களோடு நின்றுவிடுகிறார்கள். குறைந்தது ஒன்றையாவது மூலத்திலேயே படியுங்கள்: கணிதம் கற்பித்தல் குறித்த தேசியக் கவனக் குழுவின் அறிக்கை. 2006-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்சிஇஆர்டி) வெளியிட்டது. குழுவின் தலைவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். கணிதத்தின் மீதுள்ள அச்சம், குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்கும் நோக்கம் இரண்டையும் அது பேசும் விதம் நம் வகுப்பறைக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலம் தடையாக இருந்தால் சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து நாளுக்கு ஒரு பக்கம் படிக்கலாம். ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நெறியாளரை முதன்முறை சந்திக்கப் போகும்போது பலரும் தலைப்பை அவரே கொடுத்துவிடட்டும் என்று வெறுங்கையோடு போகிறார்கள். அப்போது கிடைப்பது அந்த மனப்பான்மைத் தலைப்புதான். சேர்க்கைக்கு முந்தைய கோடையிலிருந்தே ஒரு நோட்டில், வகுப்பில் கண்ட தவறான விடைகளையும் அவற்றுக்குக் குழந்தைகள் சொன்ன காரணங்களையும் அவர்கள் சொற்களிலேயே, தேதியோடு எழுதிவையுங்கள். 52-இலிருந்து 37-ஐக் கழித்தால் 25, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு, 3x + 4 என்றால் 7x. ஒரே தவறு மூன்று வகுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற பக்கத்தைத் திறந்து நெறியாளர் முன் வையுங்கள்.