உவர் முதல் சேலைன் வரை: ஒரே போத்தலில் படிக்கும் சொற்கள்

திருகோணமலையில் ஊர்ப்பெயர்களே உப்புக் கரிக்கும். நகரத்தை விட்டு வடக்கே போனால் உப்புவெளி, அப்புறம் உப்பளம் உள்ள நிலாவெளி. கிண்ணியாப் பக்கம் உப்பாறு. அப்படியிருந்தும் எல்லாக் கரிப்புக்கும் "உப்புத்தண்ணி" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. உவர் என்ற சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தால் அதன் பொருள் மறக்காது.

ஒரு லீற்றர் நல்ல தண்ணீர், 400 கிராம் உப்புப் பைக்கற்று, சமையல் தராசு, பெரிய போத்தல். இவ்வளவும் போதும்.

படி 1: 2 கிராம் உப்பைக் கரைத்து ஒரு துளி நாக்கில் வையுங்கள். லேசாகத்தான் கரிக்கும், ஆனால் தாகத்துக்குக் குடிக்க மனம் வராது. இதுதான் உவர். கடற்கரைக் கிணற்றில் இப்படி ஊறினால் "சவர்த்தண்ணி" என்போம். அறுசுவையில் ஒன்றான உவர்ப்பு, கடலைக் குறிக்கும் உவரி, முன்பு துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண் எல்லாம் இந்தச் சொல்லின் பிள்ளைகள். மலையாளத்தில் இத்தண்ணீருக்கு ஓருவெள்ளம் என்று பெயர்.

படி 2: இன்னும் 7 கிராம் போடுங்கள். மொத்தம் 9. கண்ணீர் வழிந்து உதட்டில் பட்டால் வருமே, கிட்டத்தட்ட அந்த ருசி. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சேலைனில் உள்ள உப்பும் இதே அளவுதான். உப்புக்கு லத்தீனில் சால். அதில் பிறந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த சொல் சேலைன். ஆனால் போத்தலில் இருப்பது கிருமி நீக்கிய மருந்தல்ல. கண்ணிலோ காயத்திலோ விடவே வேண்டாம்.

படி 3: மேலும் 26 கிராம். இப்போது 35, கடல்நீரின் கரிப்பு.

படி 4: மிச்ச உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். மொத்தம் 350 கிராமைத் தாண்டியதும், எவ்வளவு கலக்கினாலும் அடியில் உப்புத் தங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த நிரம்பிய கரைசல் இதுதான். அளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரை வெயிலில் வற்றவிடுவதும் இந்த நிலைக்குக் கொண்டுவரத்தான். பத்தில் ஒரு பங்காக வற்றும்போது உப்புப் பூக்கத் தொடங்கும்.

படி 5: தெளிந்த நீரில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். வற்ற வற்ற ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். குனிந்து பாருங்கள்: குட்டிக் குட்டிச் சதுரங்கள்.